பஞ்சம் வருமுன் நிரப்ப வேண்டிய கிடங்கு: மருத்துவமனைகளில் முகக்கவசம் ஏன் தீர்ந்துபோகிறது?

2009 ஏப்ரல் மாதம் மெக்சிகோவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் எச்1என்1 என்ற புதுவகைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. மக்கள் அதைப் பன்றிக் காய்ச்சல் என்று அழைத்தார்கள். ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்ட் 3 அன்று இந்தியாவின் முதல் உயிரிழப்பு புனே நகரில் நிகழ்ந்தது. அதற்கடுத்த நாட்களில் புனே மருந்துக் கடைகளில் முகக்கவசத்துக்காக மக்கள் முண்டியடித்தார்கள். விலை ஏறியது, சரக்கு தீர்ந்தது. அமெரிக்காவிலோ, நோயாளியின் அறைக்குள் நுழையும் எங்களுக்கே போதிய கவசம் இல்லை என்று செவிலியர் சங்கங்கள் குரல் எழுப்பின.

11 ஆண்டுகள் கழித்து கொரோனா வந்தது. அதே தட்டுப்பாடு பல மடங்கு பெரிதாகத் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த ஆபத்தை யாரும் அறியாமல் இருக்கவில்லை. அரசுகள் அறிந்திருந்தன, வல்லுநர்கள் எழுதியிருந்தார்கள், சில இடங்களில் கோடிக்கணக்கில் கவசங்கள் வாங்கியும் வைத்திருந்தார்கள். பிறகு ஏன் தீர்ந்துபோனது? இதில் முஸ்லிம்களாகிய நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

என்95 என்பது என்ன?

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நீல நிற முகக்கவசம் அறுவை சிகிச்சைக் கவசம் எனப்படும். அது முகத்தில் தளர்வாக நிற்கும். அணிந்திருப்பவர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிவரும் நீர்த்துளிகள் மற்றவர் மீது படாமல் தடுப்பதே அதன் முதல் வேலை. ஓரங்களில் இடைவெளி இருப்பதால், காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் பக்கவாட்டில் உள்ளே வந்துவிடலாம்.

என்95 வேறு வகை. இது முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும். மூச்சுக்காற்று முழுவதும் அதன் வடிகட்டி வழியாகவே செல்ல வேண்டும். வடிகட்டுவதற்கு மிகக் கடினமானவை 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்கள். அவற்றிலும் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுத்தால்தான் ஒரு கவசத்துக்கு என்95 என்ற தகுதி கிடைக்கும். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று சோதித்து இந்தச் சான்றை வழங்குகிறது.

இதன் நடு அடுக்கில் மிக மெல்லிய பாலிபுரோப்பிலீன் இழைகள் இருக்கின்றன. உருக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான காற்றால் ஊதி இந்த இழைகளை உண்டாக்கி, அவற்றுக்கு மின்னேற்றம் கொடுக்கிறார்கள். தூசு நிலையான மின்சாரத்தில் ஒட்டிக்கொள்வது போல நுண்துகள்கள் இந்த இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. துவைத்தாலோ சாராயத்தில் நனைத்தாலோ இந்த மின்னேற்றம் போய்விடும். பார்வைக்குப் புதிதாகத் தெரியும் கவசம் வேலை செய்யாத கவசமாகிவிடும்.

முகத்தில் சரியாகப் பொருந்தாவிட்டாலும் பயனில்லை. அதனால்தான் மருத்துவமனைகளில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் எந்த நிறுவனத்தின் எந்த அளவு பொருந்துகிறது என்று தனித்தனியே சோதித்துப் பார்க்கிறார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில், கிடைத்ததை வாங்கு என்று வேறு நிறுவனத்தின் கவசத்தை வாங்கினால் அந்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

எத்தனை வேண்டும்?

கவசம் இவ்வளவு வேகமாகத் தீர்வது ஏன் என்பதை ஓர் எளிய கணக்கில் புரிந்துகொள்ளலாம். தனிமைப் பிரிவில் ஒரு நோயாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செவிலியர், மருத்துவர், துப்புரவுப் பணியாளர், இரத்தம் எடுப்பவர் என எல்லாரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 20 முறை அந்த அறைக்குள் செல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிய கவசம் அணிந்தால் ஒரு நாளைக்கு 20. அப்படி 30 நோயாளிகள் இருந்தால் நாளொன்றுக்கு 600, மாதம் 18,000. இது ஒரு பிரிவுக்கு மட்டுமான கணக்கு. சாதாரண நாட்களில் அதே மருத்துவமனையின் தேவை மிகச் சொற்பமாகவே இருக்கும்.

2015ஆம் ஆண்டு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். கடுமையான காய்ச்சல் பெருந்தொற்று ஒன்று வந்து மக்களில் 20 முதல் 30 விழுக்காட்டினர் நோயுற்றால் 170 கோடி முதல் 350 கோடி வரை என்95 கவசங்கள் தேவைப்படலாம் என்றது அந்தக் கணக்கு.

எல்லா வேலைக்கும் என்95 கட்டாயமா என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 446 செவிலியர்களிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்விலும், அமெரிக்காவில் புறநோயாளர் பிரிவு ஊழியர்களிடம் நடத்தி 2019இல் வெளியான பெரிய ஆய்விலும், சாதாரணக் காய்ச்சல் தொற்றைத் தடுப்பதில் இரண்டு வகைக் கவசங்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நோயாளியின் தொண்டையில் குழாய் செலுத்துவது, சளியை உறிஞ்சி எடுப்பது போன்ற வேலைகளில் நுண்துகள்கள் மிகுதியாகப் பறக்கும். அந்த நேரத்தில் அருகில் நிற்பவருக்கு என்95 தேவை என்பதில் பொதுவான உடன்பாடு இருக்கிறது. புதிய கிருமி ஒன்று வந்து, அது எப்படிப் பரவுகிறது என்று தெளிவாகாத தொடக்க வாரங்களிலும் அதே எச்சரிக்கைதான் அறிவுடைமை.

மூன்று கிடங்குகளின் கதை

முதல் கதை அமெரிக்க மத்திய அரசின் அவசரக் கையிருப்பு பற்றியது. பறவைக் காய்ச்சல் அச்சம் நிலவிய 2005ஆம் ஆண்டுக்குப் பிறகு, காய்ச்சல் பெருந்தொற்றை எதிர்கொள்ள ஒதுக்கப்பட்ட நிதியில் சுமார் 10 கோடி என்95 கவசங்கள் வாங்கி வைக்கப்பட்டன. 2009இல் எச்1என்1 வந்தபோது அவற்றில் சுமார் 8.5 கோடி கவசங்கள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. எந்த நாளுக்காக வைத்திருந்தார்களோ அந்த நாளில் அவை பயன்பட்டன. தவறு அதன் பிறகுதான் நடந்தது. வெளியே போன கவசங்களுக்கு ஈடாகப் புதியவை வாங்கப்படவில்லை. ஆண்டுதோறும் கிடைத்த நிதி வேறு மருந்துகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் போனது. 2020 தொடக்கத்தில் கொரோனா வந்தபோது கையிருப்பில் இருந்தவை ஒன்றரைக் கோடிக்கும் குறைவு. அவற்றிலும் ஒரு பகுதி காலாவதியானவை.

இரண்டாவது கதை கலிபோர்னியா மாநிலத்துடையது. 2006இல் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் ஆட்சியில், மூன்று நடமாடும் மருத்துவமனைகள், ஆயிரக்கணக்கான செயற்கை சுவாசக் கருவிகள், சுமார் 5 கோடி என்95 கவசங்கள் என ஒரு பெரிய கையிருப்பு உருவாக்கப்பட்டது. 2011இல் மாநிலம் கடும் நிதிப் பற்றாக்குறையில் இருந்தபோது அடுத்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதன் பராமரிப்புச் செலவை வெட்டினார். இதனால் மிச்சமானது ஆண்டுக்கு அதிகபட்சம் 58 லட்சம் டாலர். ஒரு மாநிலத்தின் வரவு செலவில் இது மிகச் சிறிய தொகை. 2020 மார்ச்சில் மருத்துவமனைகள் கவசம் கேட்டுத் தவித்தபோது, காலாவதியான சுமார் 2.1 கோடி கவசங்களைத்தான் மாநிலத்தால் எடுத்துக் கொடுக்க முடிந்தது.

மூன்றாவது கதை கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துடையது. நம் தமிழ் உறவுகள் பெருமளவில் வாழும் டொராண்டோ நகரம் இங்குதான் இருக்கிறது. 2003இல் சார்ஸ் நோய் டொராண்டோ மருத்துவமனைகளைத் தாக்கியது. கனடாவில் 44 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் அடக்கம். நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம், அறிவியல் முடிவு முற்றிலும் உறுதியாகும் வரை காத்திராமல் ஊழியர்களைப் பாதுகாக்கும் நடவடிக்கையை முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்தப் பாடத்தின்படி சுமார் 5.5 கோடி என்95 கவசங்கள் சேமிக்கப்பட்டன. ஆனால் அவற்றைச் சுழற்சி முறையில் பயன்படுத்திப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லை. அவசரக் கிடங்குகளில் இருந்த பொருட்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் காலாவதியாகிவிட்டன என்று 2017இல் மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. மூன்று ஆண்டுகளில் கொரோனா வந்துவிட்டது.

மூன்று கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இடத்தில் எடுத்ததைத் திரும்ப நிரப்பவில்லை. இரண்டாவது இடத்தில் பராமரிப்புச் செலவை மிச்சம் பிடித்தார்கள். மூன்றாவது இடத்தில் வாங்கியதை அப்படியே கிடங்கில் கெடவிட்டார்கள். தட்டுப்பாடு வெளியே தெரிந்தது தொற்று வந்த மாதத்தில். ஆனால் அது உருவானது, யாரும் காய்ச்சலைப் பற்றி நினைக்காத அமைதியான ஆண்டுகளில்.

கடைசி நேரத்தில் வாங்க முடியாதா?

முடியாது என்பதே அனுபவம். மின்னேற்றம் கொண்ட அந்த நடு அடுக்கைத் தயாரிக்கும் இயந்திரங்கள் விலை மிகுந்தவை. புதிய இயந்திரத்தைச் செய்து நிறுவ மாதக்கணக்கில் ஆகும். கொரோனாவுக்கு முன்பு உலகின் முகக்கவசங்களில் ஏறத்தாழ பாதி சீனாவில்தான் தயாரானது. நோய் முதலில் தாக்கியதும் அங்கேதான். உற்பத்தி செய்யும் நாட்டுக்கே தேவை வந்ததும் மற்ற நாடுகளின் கதவு அடைபட்டது. 2020 ஜனவரி 31 அன்று இந்தியாவும் முகக்கவச ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஏப்ரலில், கனடாவுக்குக் கவசம் அனுப்புவதை நிறுத்துமாறு 3எம் நிறுவனத்தை அமெரிக்க அரசு கேட்டதாக அந்த நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. சில நாட்களுக்குப் பிறகே அதில் உடன்பாடு ஏற்பட்டது. நெருக்கடியில் அண்டை வீட்டார்கூடக் கைகொடுக்கத் தயங்குவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு எச்சரிக்கை விடுத்தது. சாதாரண முகக்கவசத்தின் விலை ஆறு மடங்காகவும் என்95 விலை மூன்று மடங்காகவும் உயர்ந்துவிட்டது, மாதந்தோறும் 8.9 கோடி மருத்துவக் கவசங்கள் தேவைப்படும் என்று கணக்கிடுகிறோம் என்றது. பீதியில் வாங்குவதும், பதுக்கலும், தவறான பயன்பாடும் மருத்துவ ஊழியர்களின் உயிருக்கு ஆபத்தாகிவிட்டன என்றும் சுட்டிக்காட்டியது. மார்ச் 13 அன்று இந்திய அரசு, முகக்கவசங்களையும் கைச் சுத்திகரிப்பானையும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. பதுக்கினால் சிறைத் தண்டனை வரை கிடைக்கலாம் என்ற நிலை வந்த பிறகும் கள்ளச் சந்தை முற்றாக ஒழியவில்லை.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

இந்த இடத்தில் நம் மார்க்கம் காட்டும் வழியைச் சிந்திக்க வேண்டும். இரண்டும் பொருளை எடுத்து வைப்பதுதான் என்றாலும் சேமிப்பதையும் பதுக்குவதையும் இஸ்லாம் ஒன்றாகப் பார்க்கவில்லை.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். எகிப்து மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்ன அவர்கள், செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைவதில் உண்பதற்குத் தேவையான சிறிதளவு போக மீதியைக் கதிரோடு விட்டுவைக்குமாறு வழிகாட்டினார்கள். அடுத்து வரும் கடுமையான ஏழு ஆண்டுகளுக்கு அதுவே உணவாகும் (அல்குர்ஆன் 12:47, 48). இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சேமிக்கச் சொன்னது செழிப்பான காலத்தில். மேலும், சேமிக்கும் முறையையும் சேர்த்தே சொன்னார்கள். தானியத்தைக் கதிரோடு வைப்பது அது கெடாமல் இருப்பதற்காக என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஒன்டாரியோவின் கிடங்கில் பொருள் இருந்தது, இந்த இரண்டாவது பாடம்தான் இல்லை.

பின்னர் களஞ்சியப் பொறுப்பை மன்னரிடம் கேட்டபோது தம்மிடமுள்ள இரண்டு தகுதிகளை யூசுஃப் (அலை) அவர்கள் குறிப்பிட்டார்கள். ஒன்று பேணிக் காப்பது, மற்றொன்று அறிவு (12:55). மக்களின் உயிர்காக்கும் பொருளுக்குப் பொறுப்பாக இருக்கும் எவருக்கும் இந்த இரண்டும் தேவை. அறிவு இருந்தும் பேணாவிட்டால் பட்ஜெட்டில் வெட்டு விழும். பேணும் எண்ணம் இருந்தும் அறிவு இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே காலாவதியாகும். பொறுப்பு என்பது அமானிதம். அதைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு.

நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்குத் தேவையான உணவை எடுத்து வைத்தார்கள் என்ற செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதே நபி (ஸல்) அவர்கள், பொருளைப் பதுக்குபவரைப் பாவி என்று கண்டித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. முன்னது பிறருக்கு நெருக்கடி தராத சேமிப்பு. பின்னது, மக்கள் தவிக்கும் நேரத்தில் விலை ஏறட்டும் என்று முடக்கி வைப்பது. பதுக்கல் தடை உணவுப் பொருளுக்கு மட்டுமே என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் பலர் கூறியுள்ளார்கள். எந்தப் பொருளை முடக்கினால் மக்களுக்குத் தீங்கு ஏற்படுமோ அது அனைத்தும் பதுக்கலே என்பது ஹனஃபி இமாம்களில் ஒருவரான அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. பெருந்தொற்றில் ஒரு கவசம் என்ன மதிப்புடையது என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை நாம். இந்தக் கருத்தின் ஆழம் நமக்குப் புரியாமல் போகாது.

நாம் என்ன செய்யலாம்?

அரசுகளின் கிடங்கு நம் கையில் இல்லை. ஆனால் நம் வீட்டிலும் ஜமாஅத்திலும் செய்யக்கூடியவை இருக்கின்றன.

1. நோய் பரவத் தொடங்கிய பிறகு என்95 கவசங்களைப் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். வீட்டில் வயதானவரோ நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவரோ இருந்தால், தட்டுப்பாடு இல்லாத நாட்களில் சிறு அளவு வாங்கி, காலாவதித் தேதி பார்த்து வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல், இருமல் உள்ளவர் பிறருக்குப் பரப்பாமலிருக்க சாதாரண மருத்துவக் கவசமே உதவும்.

2. மூச்சை வெளியேற்றும் சிறு வால்வு பொருத்திய என்95 கவசங்கள் அணிபவரைக் காக்கும். ஆனால் அவர் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். எனவே நோயுற்றவர் அதை அணிவதால் மற்றவருக்குப் பாதுகாப்பு இல்லை.

3. நோய் விசாரிப்பது நமது கடமைகளில் ஒன்று. ஆனால் நோயுற்றதை ஆரோக்கியமானதோடு சேர்க்க வேண்டாம் என்ற நபிமொழியும் நமக்கு உண்டு. காய்ச்சல் காலத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கப் பத்துப் பேர் திரண்டு போவதைத் தவிர்த்து, தொலைபேசியில் நலம் விசாரித்து துஆச் செய்யுங்கள். தனிமைப் பிரிவில் பார்வையாளர் ஒருவர் உள்ளே போனால் அவருக்கும் ஒரு கவசம் செலவாகிறது.

4. தும்மும்போது நபி (ஸல்) அவர்கள் கையாலோ ஆடையாலோ வாயை மூடிக்கொள்வார்கள். இந்தச் சுன்னத்தைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பழக்குங்கள்.

5. ஆண்டுதோறும் போடும் காய்ச்சல் தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், மருத்துவ ஊழியர்கள் ஆகியோருக்கு இது குறிப்பாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஹஜ் செல்வோருக்கும் சவூதி சுகாதார அமைச்சகம் இதைப் பரிந்துரைத்து வருகிறது. நோயாளிகள் குறைந்தால் மருத்துவமனையில் கவசத்தின் செலவும் குறையும்.

6. நம் பிள்ளைகளில் மருத்துவர்களும் செவிலியர்களும் பெருகி வருகிறார்கள். தாடி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு என்95 முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தாது. காற்று தாடியின் வழியே உள்ளே வந்துவிடும். இவர்களுக்கு, மின்விசிறி மூலம் வடிகட்டிய காற்றைத் தலைமூடிக்குள் செலுத்தும் கருவி ஒரு மாற்று. தாடியை ரப்பர் பட்டையால் இறுக்கி மூடி அதன் மேல் கவசம் அணியும் முறையை பிரிட்டனில் சீக்கிய மருத்துவர்கள் 2020இல் சோதித்து வெளியிட்டார்கள். எதுவானாலும் பொருத்தச் சோதனையில் தேறிய பிறகே பயன்படுத்த வேண்டும். தொற்று வருமுன்பே நிர்வாகத்திடம் இதைக் கேட்டுப் பெறுவது நல்லது. ஹிஜாப் அணியும் சகோதரிகள், துணி கவசத்துக்கும் முகத்துக்கும் நடுவில் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. நம் சமுதாய அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகளும் ஆம்புலன்ஸ் சேவைகளும் ஊர்தோறும் இருக்கின்றன. கொரோனா காலத்தில் ஜனாஸாக்களை அடக்கம் செய்வதில் நம் இளைஞர்கள் ஆற்றிய பணியை நாடே பார்த்தது. அந்த அமைப்புகளின் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: நம்மிடம் எத்தனை வாரங்களுக்குக் கவசம் இருக்கிறது? எப்போது காலாவதியாகிறது? பழையதை அன்றாட வேலைக்கு எடுத்துப் பயன்படுத்தி, புதியதைப் பின்னால் அடுக்கும் பழக்கம் இருக்கிறதா? ஸதகா கொடுக்க நினைப்பவர்கள் அமைதியான ஒரு மாதத்தில் இதற்காகக் கொடுத்தால் அந்தப் பணம் நெருக்கடி காலத்தைவிடப் பல மடங்கு பொருளை வாங்கித் தரும்.

கலிபோர்னியா இந்தப் பாடத்தைச் சட்டமாக்கியது. மருத்துவமனைகள் தங்கள் வழக்கமான பயன்பாட்டின் அடிப்படையில் மூன்று மாதத்துக்கான பாதுகாப்புக் கருவிகளைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் சட்டம் இயற்றி, 2021 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. இந்தச் சட்டமும் எவ்வளவு காலம் பேணப்படும் என்பது அங்குள்ள மக்கள் அதை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்த காய்ச்சல் எந்த ஆண்டு வரும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். நோயாளியின் கட்டிலருகே நிற்கும் ஒரு செவிலியர் மூச்சு விடப் பயப்படாமல் தன் பணியைச் செய்ய வேண்டும். அவரும் ஒரு வீட்டின் மகள், ஒரு குழந்தையின் தாய். அவருக்கான கவசத்தை எடுத்து வைக்க வேண்டிய செழிப்பான ஆண்டு இதுவாகவும் இருக்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும் மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.